வயதுக்கு வராத பிள்ளை: முழுமையான அன்ட்ரோஜன் உணரா நிலையை அடையாளம் காண வன்னித் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

2014 இல், கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் நான் குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ப் பேச்சில் ‘மிஸி’யாக, இருந்த காலம். கர்ப்பிணித் தாய்மார் எல்லோரும் போகும் வரைக்கும் வேலியோரம் நின்ற ஒரு அம்மா கடைசியில்தான் உள்ளே வந்தார். பின்னால் ஒரு பிள்ளை. 16 வயது, தாயைவிட ஒரு சாண் உயரம். “மிஸி, சின்னவளும் பெரியபிள்ளையாகிற்றாள். மூத்தவளுக்கு இன்னும் ஒண்டையும் காணேல்லை” என்றார்.

சின்னவளுக்குச் சாமத்திய வீடு செய்வதா, விடுவதா என்று வீட்டில் பெரிய இழுபறி. கனடாவில் இருக்கும் மாமா மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் காசு அனுப்பிவிட்டார். மூத்தவள் இருக்க இளையவளுக்குத் தண்ணீர் வார்த்தால் சனம் என்ன கதைக்கும்? வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாயிற்று. உளுந்துக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துக் கொடுத்துப் பிள்ளைக்கு அந்த மணமே பிடிக்காமல் போய்விட்டது.

நான் பிள்ளையைப் பார்த்தேன். நல்ல வளர்த்தி, மார்பும் வளர்ந்திருந்தது. “எல்லாம் வடிவா இருக்கு. சிலருக்குப் பிந்தித்தான் வரும், யோசிக்காதேங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த ஸ்கானில் பிள்ளைக்குக் கர்ப்பப்பையே இல்லை என்று தெரிந்தது. வடிவாக இருக்கிறது என்று நான் சொன்ன அந்த வளர்த்தியே ஒரு அடையாளம் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், இது என்ன?

வைத்தியர்கள் இதைச் சுருக்கி சி.ஏ.ஐ.எஸ். என்று எழுதுவார்கள். தமிழில் ‘முழுமையான அன்ட்ரோஜன் உணரா நிலை’ என்று சொல்லலாம். எங்கள் உடம்பின் கலங்களில் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் 46 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) இருக்கின்றன. அவற்றில் இரண்டு, ஆணா பெண்ணா என்பதோடு சம்பந்தப்பட்டவை. வழமையாகப் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் வை. இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது எக்ஸ் வை. வயிற்றுக்குள் சூலகத்துக்குப் பதிலாக விதைகள் உண்டாகி, டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோனைச் சுரக்கின்றன. இப்படியான ஆண் ஓமோன்களைத்தான் அன்ட்ரோஜன் என்பார்கள். ஆனால் அந்த ஓமோனைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஏற்பி வேலை செய்யாது. ஓமோன் இரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புக்கு அது வந்ததே தெரியாது. அதனால் கருவில் இருந்தே பிள்ளையின் வெளித்தோற்றம் பெண்ணாகவே வளர்கிறது. பிறக்கும்போது மருத்துவிச்சியும் பெண் என்றுதான் சொல்வாள். பெண்ணாகத்தான் வளர்கிறாள், அநேகமாக எல்லோரும் தங்களைப் பெண்ணாகத்தான் உணர்கிறார்கள்.

விதைகள் இன்னொரு ஓமோனையும் சுரக்கும். கருவிலேயே கர்ப்பப்பை உண்டாகாமல் தடுப்பது அந்த ஓமோனின் வேலை. இதை உடம்பு நன்றாகவே உணரும். ஆகவே கர்ப்பப்பை இல்லை, கர்ப்பப்பைக் கழுத்து இல்லை, யோனிவழியின் மேற்பகுதியும் இல்லை. அப்புறம் பருவ வயது வரும்போது, கூடுதலாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோனின் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். மார்பு வளர்வது அதனால்தான். இந்தப் பந்தியையும் இதற்கு முந்திய பந்தியையும் விளங்கிக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு அடையாளமும் ஏன் வருகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெண்நோயியல் வைத்தியர் ஜோன் மொரிஸ் 1953 இல் இப்படியான 82 பேரின் விவரங்களைத் திரட்டி எழுதினார். அதற்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதை வடிவாகக் கவனித்தது. எக்ஸ் வை நிறமூர்த்தத்தோடு பிறக்கும் ஏறத்தாழ 20,000 முதல் 99,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரிதுதான். ஒரு மிஸி தன் சேவைக் காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடக் காணாமல் போகலாம், அல்லது என்னைப்போல் கண்டும் விட்டுவிடலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கதை ஓடும்: “சண்டைக் காலத்தில் செல் புகையைக் குடித்ததாலதான்”, “பங்கருக்குள்ள பயந்ததாலதான்” என்று. அது காரணம் இல்லை. கரு உண்டாகும்போதே, எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரை அலகில் (ஜீனில்) இருக்கும் மாற்றம் இது. தாய் எதையோ தின்றதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ வருவதும் இல்லை.

படி 1: சின்ன வயதில் கவட்டுப் பக்கம் கட்டி

பெரும்பாலும் தவறவிடப்படும் முதல் சந்தர்ப்பம் இதுதான். பெண் குழந்தைக்குக் கவட்டின் ஒரு பக்கத்திலோ இரண்டு பக்கங்களிலுமோ, சிலவேளை பெண்ணுறுப்பின் வெளி மடிப்புக்குள்ளேயோ, சின்னக் கட்டி தெரியும். அழும்போதும் முக்கும்போதும் புடைக்கும், படுக்கவைத்தால் உள்ளே போகும். இதைக் குடலிறக்கம் என்றோ ஹேர்னியா என்றோ சொல்வார்கள்.

ஆண் குழந்தைக்கு ஹேர்னியா வருவது சாதாரணம். பெண் குழந்தைக்குக் குறைவு. ஹேர்னியா வரும் பெண் பிள்ளைகள் 100 பேரை எடுத்தால் ஒருவர் அல்லது இருவருக்கு இந்த நிலை இருக்கும், மற்ற எல்லோருக்கும் அது வெறும் ஹேர்னியாதான். ஆகவே கட்டியைக் கண்டவுடன் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் இருந்தாலோ, தொட்டால் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டாலோ, சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: “டொக்டர், உள்ளே இருக்கிறது குடலா, வேறு ஏதாவதா? கர்ப்பப்பை இருக்கோ என்று ஸ்கானில் பார்க்கலாமா?” அந்த ஒரு கேள்வியே 14 வருட அலைச்சலை மிச்சப்படுத்தலாம்.

நான் சொன்ன பிள்ளைக்கு மூன்று வயதில் இடது பக்கம் ஹேர்னியா சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. அந்த நேரம் யாரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. அந்தத் தாள்களோ 2009 இல் சண்டையின் கடைசிக் காலத்தில் மாத்தளனில் விட்டுவந்த பைக்குள் போயிற்று. தாய் அதை ஒரு சின்ன விஷயமாக நினைத்து என்னிடம் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. தாள் இல்லாவிட்டாலும் தழும்பு இருக்கும். கவட்டு மடிப்பில் சாய்வாக ஒரு கோடு. பிள்ளையிடம் கேட்டாலே சொல்லிவிடுவாள்.

படி 2: வயதைக் கணக்குப் பாருங்கள்

“எங்கட பரம்பரையில எல்லாரும் பிந்தித்தான்” என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவே இல்லை என்றால் காட்ட வேண்டும். மார்பு வளர்ந்து 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலும், மார்பு வளரத் தொடங்கி மூன்று வருடம் கடந்தும் வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பழைய புத்தகங்களில் 16 என்று இருக்கும். இப்போது 15 என்றுதான் பார்க்கிறார்கள்.

மார்பு எப்போது வளரத் தொடங்கியது என்று தாய்மாருக்குத் திகதி ஞாபகம் இருக்காது. வேறு வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். முதல் முதல் உள்ளாடை வாங்கியது எந்தத் தீபாவளிக்கு? புலமைப்பரிசில் எழுதிய வருடமா, அதற்குப் பிறகா? இப்படிக் கேட்டால் உடனே பதில் வரும்.

பாடசாலைக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை ஆட்கள் வந்து தரம் 10 பிள்ளைகளைப் பரிசோதிப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியாக இந்த வயதுதான். ஆனால் வரிசையில் கூட்டாளிகளோடு நிற்கும்போது எந்தப் பிள்ளையும் “எனக்கு இன்னும் வரேல்லை” என்று வாய் திறக்காது. வகுப்பு ரீச்சர் முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, “அப்பிடி யாருக்கும் இருந்தால் என்னட்டச் சொல்லுங்கோ, நான் மிஸியிட்டச் சொல்லிவிடுறன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

படி 3: மூன்று அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் பிழைவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, மார்பு வளர்ச்சி நன்றாக இருக்கும். இரண்டு, மாதவிடாய் ஒரு தடவைகூட வந்திருக்காது, துளியும் பட்டிருக்காது. மூன்று, அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் முடி இருக்காது, அல்லது மென்மையாக அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். இந்த மூன்றும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருந்தால், சி.ஏ.ஐ.எஸ். ஆக இருக்கலாம் என்று நினைத்தே ஆக வேண்டும்.

முதல் இரண்டும் வீட்டார் கண்ணுக்குப் படும். மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த முடி வளரவும் அன்ட்ரோஜன் வேண்டும், பெண்களிலும் அது கொஞ்சம் சுரக்கிறது. அதை உணர முடியாத உடம்பில் முடி வராது. தலைமுடிக்கு ஒரு குறையும் இருக்காது, பெரும்பாலும் அடர்த்தியாக, நீளமாகவே இருக்கும். நான் சொன்ன பிள்ளையின் பின்னலைத்தான் ஊரே புகழ்ந்தது.

பின்னாளில் அந்த அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது இது: “நான் நினைச்சன் மிஸி, அவள் துப்புரவான பிள்ளை, வழிச்சுப்போட்டு இருக்கிறாள் எண்டு.” பிள்ளை என்ன நினைத்தாள்? கூட்டாளிகள் சவரம் செய்வதைப் பற்றிக் கிசுகிசுக்கும்போது தனக்கு அந்த வேலை இல்லையே என்று சந்தோசப்பட்டாளாம். ஒருவர் ஒருவரைக் கேட்காமலே மூன்று வருடம் போயிருக்கிறது.

ஆகவே கேளுங்கள், ஆனால் பார்க்காதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பெரியம்மா, மாமி, அயலில் உள்ள கைராசிக்காரி என்று யாரும் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. குளிக்கும் நேரத்தில் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். தாய், தனியாக இருக்கும்போது, “அக்குளில முடி வளருதா அம்மா? எப்பவாவது வழிச்சிருக்கிறியா?” என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். பிள்ளைக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, ஓம் அல்லது இல்லை என்று கோடு போடச் சொல்லுங்கள். மற்றதை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

இவற்றோடு சேர்ந்து வரும் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பிள்ளை தாயையும் சகோதரிகளையும்விட உயரமாக இருக்கலாம். கால், கை விரல்கள் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். முகத்தில் பரு ஒன்றும் வராது. கூட்டாளிகள் எல்லோரும் பருவுக்குச் சந்தனமும் மஞ்சளும் பூசும் வயதில் இவள் முகம் பளிங்காக இருக்கும். ஆனால் உயரமும் பருவில்லாத முகமும் உள்ள பெண்கள் ஊரில் ஆயிரம் பேர். இவற்றைத் தனியாக வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குரல் பெண் குரலாகவே இருக்கும். மாதவிடாய் வராமல் குரல் தடித்து, மீசை அரும்பினால் அது இந்த நிலை அல்ல. அப்படிப்பட்ட பிள்ளையையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும், காரணம்தான் வேறு.

திருமணமான பிறகு தெரியவருவதும் உண்டு. மாதவிடாய் வராததை மறைத்தோ, “கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும்” என்று நம்பியோ கட்டிக்கொடுத்துவிடுவார்கள். பிறகு தாம்பத்தியத்தில் கடும் வலி, பிள்ளைப்பேறு இல்லை என்று கிளினிக் வருவார்கள். யோனிவழி குட்டையாகவும் மேல்முனை மூடியும் இருப்பதுதான் வலிக்குக் காரணம். அந்த நிலையில் வரும் பெண்ணுக்கு ஏற்கெனவே மாமியார் வீட்டில் பட்டம் சூட்டியாயிற்று.

படி 4: வேறு எதுவாக இருக்கலாம்?

மாதவிடாய் வராத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காரணம் வேறு ஒன்றாகத்தான் இருக்கும். இந்தப் பகுதியை வாசித்துவிட்டு வீட்டில் முடிவு எடுக்க வேண்டாம், வைத்தியரிடம் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாதா மாதம் அடிவயிற்று வலி மட்டும் வந்து இரத்தம் வராவிட்டால், கன்னிச்சவ்வு துளையில்லாமல் மூடியிருக்கலாம். இரத்தம் உள்ளே தேங்கிக்கொண்டே போகும். இது கெதியாகக் காட்ட வேண்டியது, சின்னச் சத்திரசிகிச்சையோடு சரியாகிவிடும். சி.ஏ.ஐ.எஸ். பிள்ளைக்கு இப்படியான மாத வலி வராது, ஏனென்றால் தேங்க ஒரு கர்ப்பப்பையே இல்லை.

அதிகம் குழப்பிவிடுவது இன்னொன்று. மார்பு வளர்ச்சி நன்றாக இருக்கும், மாதவிடாய் வராது, ஸ்கானிலும் கர்ப்பப்பை இல்லை. ஆனால் முடி வழமைபோல் வளர்ந்திருக்கும். இவர்களுக்கு நிறமூர்த்தம் எக்ஸ் எக்ஸ், சூலகங்களும் உண்டு, கர்ப்பப்பை மட்டும் பிறவியிலேயே உருவாகவில்லை. ஏறக்குறைய 4,500 முதல் 5,000 பெண்களில் ஒருவருக்கு இது இருக்கும், அதாவது சி.ஏ.ஐ.எஸ்.ஐவிட மிக அதிகம். இவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்திலும் குறை இருக்கும் என்பதால் அதையும் ஸ்கான் செய்வார்கள். பார்த்தீர்களா, இரண்டையும் பிரித்துக் காட்டும் முதல் துப்பே அந்த முடிதான். பிறகு இரத்தப் பரிசோதனை உறுதிப்படுத்தும்.

பிள்ளை மிகக் குட்டையாக இருந்து மார்பும் வளராவிட்டால் ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் குறைந்திருக்கலாம். எடை மிகக் குறைவு, கடும் ஓட்டப் பயிற்சி, தைரொயிட் குறை, நாட்பட்ட நோய் என்பவையும் மாதவிடாயைப் பிந்த வைக்கும். வயிற்றுக் காசநோயையும் வைத்தியர்கள் மனதில் வைத்திருப்பார்கள்.

படி 5: தாய்வழியில் விசாரியுங்கள்

மாற்றம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் அது தாய்வழியாக வரும். தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும், அவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு பேரில் மாற்றம் அந்தப் பிள்ளையில் புதிதாக உண்டாகியிருக்கும். மற்ற மூன்றில் இரண்டு பங்கினருக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது அம்மாவின் அக்கா தங்கைகளை, அம்மம்மாவின் சகோதரிகளை, பெரியம்மா சித்திமாரின் பிள்ளைகளை. அப்பாவின் பக்கம் தேவையில்லை. “அம்மம்மாவின்ர தங்கச்சி ஒருத்தி கட்டாமலே இருந்தவ”, “சித்திக்குப் பிள்ளை இல்லை, அவவுக்குச் சாமத்தியச் சடங்கு செய்த ஞாபகமும் இல்லை” என்ற பழங்கதைகள்தான் இங்கே தடயம். சின்ன வயதில் ஹேர்னியா வெட்டிய பெண்கள் யார் என்றும் கேளுங்கள்.

வன்னியில் இந்தப் படி இலேசானதில்லை. தாயின் சகோதரிகளில் ஒருத்தி 2009 இல் போய்ச்சேர்ந்திருப்பாள், ஒருத்தி ஜேர்மனியில் இருப்பாள், இன்னொருத்தி மன்னாரில் கட்டிக்கொடுத்துப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பாள். சாமத்திய வீட்டு அல்பமே இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா கடைசியில் போன் போட்டது சுவிஸில் இருக்கும் ஒரு சித்தியாருக்கு. முதல் இரண்டு தடவையும் “அப்பிடி ஒண்டும் இல்லை” என்று வைத்துவிட்டாராம். மூன்றாம் தடவை தானாகவே எடுத்து, “எனக்கும் வரேல்லை. அம்மா ஊருக்குத் தெரியக்கூடாதெண்டு ஒரு சின்னச் சடங்கு செய்தவ” என்று சொல்லியிருக்கிறார். சடங்கு நடந்தது என்பதற்காக மாதவிடாய் வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் அன்றைக்குத்தான் படித்தேன். ஒரு கொப்பியில் தாய்வழி மரத்தை வரைந்து, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டாலும் வைத்தியருக்கு அது உதவும்.

படி 6: ஆஸ்பத்திரிக்கு

முதலில் உங்கள் பகுதி மிஸியிடம் அல்லது எம்.ஓ.எச். பணிமனையில் சொல்லிக் கடிதம் வாங்குங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணரின் கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள். மேலதிகமாகப் பார்க்க யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பலாம். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை.

கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் கிளினிக் கொப்பி இருந்தால் அது, சத்திரசிகிச்சை நடந்த வயது, மார்பு வளரத் தொடங்கிய வயது, தாய் தகப்பன் உயரம், அந்தத் தாய்வழி மரம்.

முதல் பரிசோதனை வயிற்றின் மேலால் செய்யும் ஸ்கான். போவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் நான்கைந்து கோப்பை தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். சலப்பை நிரம்பியிருந்தால்தான் பின்னால் இருப்பது தெரியும். மாங்குளத்தில் இருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் பாதி வழியில் அவதிப்படும், ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு குடிக்கட்டும். யோனிவழியாகச் செய்யும் ஸ்கான் இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை, யாராவது சொன்னால் வயிற்றின் மேலால் செய்யும்படி கேளுங்கள். ஸ்கான் தாளில் ‘கர்ப்பப்பை சிறிதாக உள்ளது’ என்று எழுதியிருந்தால் அதோடு நின்றுவிடாமல், உண்மையாகவே தெரிந்ததா என்று நிபுணரிடம் கேளுங்கள். இல்லாததைச் சிறியது என்று எழுதிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: ஸ்கான் செய்வதற்கு முன்பே, மாதவிடாயை வரவைக்கும் வில்லை என்று பார்மசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கர்ப்பப்பை இல்லாத பிள்ளைக்கு எத்தனை வில்லை கொடுத்தும் வராது, மாதங்கள்தான் போகும்.

அடுத்தது இரத்தம். டெஸ்டோஸ்டெரோன் வளர்ந்த ஆண்களுக்கு இருக்கும் அளவிலோ அதற்கும் மேலோ இருக்கும், எல்.எச். என்ற ஓமோன் கூடியிருக்கும். நிறமூர்த்தப் பரிசோதனையில் 46 எக்ஸ் வை என்று வரும். அதற்கான இரத்தம் பெரும்பாலும் கொழும்புக்குப் போகும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். பரம்பரை அலகுப் பரிசோதனையும் செய்ய முடிந்தால் மாற்றம் எது என்று பெரும்பாலானோரில் கண்டுபிடிக்கலாம், சகோதரிகளைப் பரிசோதிக்க அது உதவும்.

அந்தரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் உங்களுக்குச் சொந்தமாக இருப்பார். நடைபாதையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் முடிவைச் சொல்ல விடாதீர்கள். “தனி அறையில் சொல்லுங்கோ, பிள்ளையும் நானும் மட்டும்” என்று கேட்பது உங்கள் உரிமை. மாணவ வைத்தியர்கள் கூட்டமாகப் பார்க்க வந்தால் பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்று சொல்லலாம், ஒருவரும் கோபிக்க முடியாது.

படி 7: முடிவு கையில் வந்த பிறகு

“உங்கட பிள்ளை ஆம்பிளை” என்று ஒருவரும் சொல்லக்கூடாது. யாரும் சொன்னால், அந்தச் சொல் பிழை என்று திருப்பிச் சொல்லுங்கள். நிறமூர்த்தம் எக்ஸ் வை என்பது ஒரு ஆய்வுகூட முடிவு. பிள்ளை நேற்றுவரை யாராக இருந்தாளோ இன்றைக்கும் அவள்தான்.

பிள்ளையிடம் மறைக்க வேண்டுமா? முந்தி வைத்தியர்களே மறைக்கச் சொன்னார்கள், சூலகத்தில் ஏதோ கோளாறு என்று பொய் சொன்னார்கள். பிறகு அந்தப் பெண்கள் வளர்ந்து தாங்களாகக் கண்டுபிடித்தபோது எல்லோர் மேலும் நம்பிக்கை போயிற்று. 2006 இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் கருத்தொருமிப்பு, வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. கர்ப்பப்பை இல்லை, மாதவிடாய் வராது என்பதை முதலில், நிறமூர்த்தத்தைப் பிறகு, அவள் கேட்கும் வேகத்தில் சொல்லலாம். தாய்க்கு வாய் வராவிட்டால் வைத்தியர் சொல்ல, பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் விதைகளை உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். அவற்றில் கட்டி உண்டாகும் ஆபத்து பருவ வயதுக்கு முன் மிகக் குறைவு, வயது போகப் போகக் கூடும். மார்பையும் எலும்பையும் வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் அவற்றால்தான் கிடைக்கிறது. அதனால் வளர்ச்சி முடியும் வரை விட்டுவைத்து, பிறகு பிள்ளையும் நிபுணரும் பேசி முடிவெடுப்பதே இன்றைய வழக்கம். எடுத்துவிட்டால் 50 வயது வரைக்கும் போல ஈஸ்ட்ரோஜன் மருந்து தேவை. மருந்தை இடையில் விட்டால் எலும்பு பலம் குறையும். கல்சியம், விற்றமின் டி, நடை, வீட்டு வேலை எல்லாம் எலும்புக்கு நல்லது. பிற்காலத்தில் 35 வயதில் பெண்களுக்குச் செய்யும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், கர்ப்பப்பைக் கழுத்து இல்லை என்று சொன்னால் போதும்.

தாம்பத்தியத்துக்கு யோனிவழியின் நீளம் போதாவிட்டால், விரிவாக்கும் கருவிகளைப் பழக்கிக் கொடுப்பார்கள். அவள் பெரியவளாகி, தானாக விரும்பும்போது செய்ய வேண்டியது அது. திருமணம் பேசும்போது தரகரிடம் சொல்ல வேண்டியதில்லை, கட்டப்போகும் ஆளுக்குச் சொல்ல வேண்டும். தன் வயிற்றில் பிள்ளை சுமக்க முடியாது, தத்தெடுக்கலாம்.

விளையாட்டுக்காரப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டுத் தடைதாண்டி ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோவுக்கு 1985 இல் ஜப்பானின் கோபேயில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் செய்த பாலினப் பரிசோதனையால்தான் தனக்கு இந்த நிலை இருப்பது தெரியவந்தது. பத்திரிகைகள் கிழித்தன, அவரை அணியில் இருந்து விலக்கினார்கள். அவர் விடாமல் வாதாடி 1988 இல் திரும்பத் தகுதி பெற்றார். டெஸ்டோஸ்டெரோனை உணராத உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை என்பதுதான் அவரது வாதம். உங்கள் பிள்ளை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுவதை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மாவின் கேள்வி வேறாக இருந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “அப்ப மிஸி, இவளுக்குச் சாமத்திய வீடு செய்யலாமா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பிள்ளைதான் சொன்னாள்: “எனக்கு அந்த மண்டபமும் வேண்டாம், உளுந்துக் களியும் வேண்டாம். மாமாட்டச் சொல்லி அந்தக் காசுக்கு லப்டொப் வாங்கித் தாங்கோ.” வாங்கிக் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று, பலர் மறந்துவிடுவது. மூத்தவளுக்கு உறுதியானால் கீழே உள்ள பெண் பிள்ளைகளையும், தாயின் சகோதரிகளின் பெண் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்துவிட்ட தங்கைக்கு இந்த நிலை இல்லை, அது நிச்சயம். ஆனால் தாயிடம் அந்த மாற்றம் இருந்தால், அதை அவள் வாங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவள் கலியாணம் கட்டிப் பிள்ளை பெற நினைக்கும்போது மகப்பேற்றுக் கிளினிக்கில் இதைச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பைக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். எங்கள் ஊரில் கொப்பி தொலைவது புதினம் இல்லை என்பதால், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.